நற்றானத்தின் ஐந்து இலக்கணம்

(அடையாற்று இலவசப் பள்ளியை முன்னிட்டு ஒரு தம்ம பாடம்)





சென்ற பௌர்ணமியன்று வந்தனையும் பஞ்சசீலமும் முடிந்த பின்னர், பெங்களூரில் நம் சங்கக் கூடத்தில் ஒரு விவாதம் எழுந்தது. சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894-ஆம் ஆண்டில் தொடங்கிய இலவசப் பள்ளி, 130 ஆண்டுகளைக் கடந்தும் ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்து வருகிறது. அதற்கு நம் சங்கத்தின் சார்பில் ஒரு நன்றி மடல் அனுப்பலாமா என்று ஓர் அன்பர் கேட்டார். உடனே இளைஞர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, அதற்குப் பஞ்சமர் பள்ளி என்றல்லவா பெயர் வைத்தார்கள்? நம்மை ஐந்தாம் சாதி என்று எழுதி வைத்தவர்களுக்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்.

கூடத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த முதிய தாயார் ஒருவர், "தம்பி, எழுத்துக் கொடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் பாட்டனாருக்கு அந்த எழுத்தும் கிடைக்கவில்லை" என்றார்.

இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஆகையால் அன்று ஒன்றும் முடிவு செய்யாமல், இதனைப் பாடமாக எழுதுமாறு நம்மைப் பணித்தனர். சங்கத்தார் கட்டளைப்படி ஈண்டு எழுதத் தொடங்குகின்றோம்.

அடையாற்றுப் பள்ளிக்கும் நமக்கும் என்ன உறவு?

சென்னையில் உள்ள ஒரு பள்ளியைப் பற்றிப் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் உள்ள நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் ஐயுறலாம். நம் சங்கங்களின் வேரைத் தேடிப் பார்ப்போமாயின் அஃது 1898-ஆம் ஆண்டிற்குச் செல்லும். அவ்வாண்டில் சித்த வைத்தியரும் பெரும் புலவருமான அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, கொழும்பில் ஹிக்கடுவே சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அவரோடு சென்று சீலம் ஏற்ற மற்றொருவர் கிருஷ்ணசாமி என்பவர். அவர் ஆல்காட் பள்ளியின் ஆசிரியர். திரும்பி வந்ததும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் கிளைகளே பின்னர் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பெங்களூரிலும் தழைத்தன. நம் முன்னோர் சரணம் புகுந்த வரலாற்றில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் முதல் வரிசையில் நிற்கின்றார். உறவு இதுவே.

நன்றி அறிதல் என்பது யாது?

உலகில் கிடைத்தற்கரிய மனிதர் இருவர் என்று பகவன் புத்தர் அங்குத்தர நிகாயத்தில் அருளியுள்ளார். ஒருவர், பிறர் கேளாமலே முற்பட்டு உதவி செய்பவர். மற்றவர், செய்த உதவியை அறிந்து அதற்குத் தக்கவாறு நடப்பவர். பின்னவரைப் பாலி மொழி 'கதஞ்ஞூ கதவேதி' என்று கூறும். 'கத' என்றால் செய்யப்பட்டது. 'ஞூ' என்றால் அறிபவர். செய்யப்பட்டது இன்னதென்று அறிந்தாலன்றி நன்றி பிறவாது. அறியாமல் சொல்லும் புகழ் வெறும் உபசாரம். அறியாமல் சொல்லும் இகழ் வெறும் கோபம். ஆகவே புகழ்வதற்கும் இகழ்வதற்கும் முன்னர், அந்தப் பள்ளி செய்தது யாது என்று அறிவோம்.

அறிவதற்கு அளவுகோல் வேண்டும். அதனையும் பகவரே தந்திருக்கின்றார். நல்லோர் கொடுக்கும் தானத்திற்கு ஐந்து இலக்கணம் உண்டு என்பது அதே நிகாயத்தின் உபதேசம். அவை: நம்பிக்கையோடு கொடுத்தல், மரியாதையோடு கொடுத்தல், காலத்தே கொடுத்தல், கட்டுப்பாடற்ற திறந்த மனத்தோடு கொடுத்தல், தனக்கும் பிறர்க்கும் கேடு நேராவண்ணம் கொடுத்தல். இவ்வைந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆல்காட் பள்ளியோடு பொருத்திப் பார்ப்போம்.

1. நம்பிக்கையோடு கொடுத்தல்

ஈண்டு நம்பிக்கை என்பது, நற்செயல் விதைத்தால் நற்பயன் விளையும் என்னும் உறுதி. ஆல்காட் அமெரிக்க நாட்டினர்; 1832-ஆம் ஆண்டில் பிறந்தவர்; அந்நாட்டு உள்நாட்டுப் போரில் கர்னல் பதவி வகித்தவர்; பின்னர் வழக்கறிஞராக இருந்தவர். 1875-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரோடும் பிறரோடும் சேர்ந்து நியூயார்க் நகரில் பிரம்மஞான சபையை நிறுவினார். 1880 மே 25 அன்று இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றார். மறு ஆண்டு பௌத்த வினாவிடை நூலை வெளியிட்டார். இலங்கையில் பௌத்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டும் என்று ஊர் ஊராய்ச் சென்று பொருள் திரட்டினார். 1886-இல் கொழும்பில் தொடங்கிய அத்தகைய பள்ளி ஒன்றே பின்னாளில் ஆனந்தா கல்லூரி ஆயிற்று.

சபையின் தலைமையிடம் 1882-இல் அடையாற்றுக்கு வந்தது. அதன் மதிலுக்கு அப்பால் சேரிகள் இருந்தன. அங்குள்ள பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்பதே அக்காலத்து ஊராரின் எண்ணம். கடல் கடந்து பள்ளிகள் அமைத்தவர் தம் வாசலில் இருந்த பிள்ளைகளைக் காணாது போயிருக்கலாம். பலர் அவ்வாறே போயினர். இவர் கண்டார், கற்பித்தால் கற்பர் என்று நம்பினார், 1894-இல் பள்ளியைத் திறந்தார். சில ஆண்டுகளில் பள்ளி ஐந்தாகப் பெருகியது. கோடம்பாக்கத்துப் பள்ளிக்குப் பிளாவட்ஸ்கி அம்மையார் பெயரும், தேனாம்பேட்டைப் பள்ளிக்குத் தாமோதரர் பெயரும், மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயரும் இடப்பட்டன. முதல் இலக்கணம் பொருந்துகிறது.

2. மரியாதையோடு கொடுத்தல்

இதனை விளக்க நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். நாம் சிறு பிள்ளையாய் இருந்தபொழுது, ஒரு தருமஸ்தாபனத்தார் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தனர். விருந்தினர் வரும் வரை மூன்று மணி நேரம் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினர். விருந்தினர் வந்தார், புத்தகத்தை நீட்டினார், படம் பிடிக்கும் வரையில் கையை விடாமல் பிடித்திருந்தார். வீட்டிற்கு வந்து பார்த்தால் அட்டையின் மீது 'ஏழைகளுக்கு' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த நோட்டில் எழுத நமக்குக் கை வரவில்லை. நம் தாயார் அதில் பால் கணக்கு எழுதுவித்தார். தானம் வந்தது, மரியாதை வரவில்லை. ஆகையால் தானமும் பயன்படவில்லை.

ஆல்காட் பள்ளியின் முறை வேறு. கல்விப் பயிற்சி பெற்ற செல்வி சாரா பாமர் போன்ற பெண்மணிகள் அமெரிக்காவிலிருந்து வந்து அப்பள்ளிகளை மேற்பார்த்தனர். அவர்களோடு பணி செய்த கோர்ட்ரைட் அம்மையார் இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி 1906-இல் ஒரு சிறு நூலே எழுதினார். சற்றே எண்ணிப் பாருங்கள். சேரிப் பிள்ளைக்கு எதை வேண்டுமாயினும் எப்படி வேண்டுமாயினும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று கருதியிருந்த காலத்தில், இப்பிள்ளைக்கு எவ்வாறு கற்பித்தால் நன்கு மனத்தில் பதியும் என்று ஒருவர் ஆராய்ந்து எழுதுகின்றார். மாணவனை ஆராய்ச்சிக்குரிய அறிவுடையவனாக மதித்தல் மரியாதையே ஆகும். கல்வியும் பிள்ளைகளின் தாய்மொழியாகிய தமிழிலேயே அளிக்கப்பட்டது. இரண்டாம் இலக்கணமும் பொருந்துகிறது.

3. காலத்தே கொடுத்தல்

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டர் டிரமென்ஹீர், நம் மக்களின் நிலையை விளக்கி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுகின்ற நிலமும் குடியிருக்கும் மனையும் தமக்கென இல்லாமல், கடனுக்கு உடலை ஈடாக வைத்து வாழ்ந்தவர்களின் கதை அதில் இருந்தது. அதன் பயனாகத் தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்கும் ஏற்பாடு பிறந்தது. 1893-இல் சென்னை அரசு இம்மக்களின் கல்விக்கெனச் சலுகைகள் வகுத்து ஆணை பிறப்பித்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஆல்காட் பள்ளி பிறந்தது.

காகிதத்தில் ஆணை இருந்தாலும், ஊர்ப் பள்ளியின் திண்ணையில் நம் பிள்ளை ஏற முடியாத காலம் அது. ஆணை எழுதப்பட்டதற்கும் பிள்ளை பலகையைக் கையில் எடுப்பதற்கும் இடையில் ஒரு பள்ளம் இருந்தது. அப்பள்ளத்தின் மீது உடனே பலகை போட்டவர்களே காலத்தே கொடுத்தவர்கள். பத்தாண்டு கழித்துப் பெரிய கட்டடமாகக் கட்டியிருந்தாலும், அந்தப் பத்தாண்டில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்றாம் இலக்கணமும் பொருந்துகிறது.

4. திறந்த மனத்தோடு கொடுத்தல்

தூண்டிலில் இரை வைப்பவனும் மீனுக்கு உணவு கொடுக்கின்றான். அதனைத் தானம் என்று யாரும் சொல்வதில்லை. கொடுப்பவர் உள்ளத்தில் மறைத்த கட்டு ஒன்றும் இருத்தல் ஆகாது.

ஆல்காட் தாம் பௌத்தராய் இருந்தும், பள்ளியைப் பௌத்தம் பரப்பும் கருவியாக ஆக்கவில்லை. எழுதவும், படிக்கவும், பிறர் ஏமாற்றாதபடி கணக்குப் பார்க்கவும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே அவர் வைத்த நோக்கம். அயோத்திதாசப் பண்டிதர் தம் ஆராய்ச்சியாலும் தம் விருப்பத்தாலுமே தம்மத்தை நாடினார். ஆல்காட் துணை நின்றார், வழிகாட்டினார், கப்பலில் உடன் சென்றார். ஆனால் பள்ளியில் சேர்த்ததற்கு விலையாக எவரிடமும் சமயத்தைக் கேட்கவில்லை. இதனை நாம் உற்று நோக்க வேண்டும். நம் சங்கங்களில் சிலர், இலவச வகுப்பு நடத்தினால் எத்தனை பேர் தீட்சைக்கு வருவர் என்று கணக்கிடுகின்றனர். அவ்வாறு கணக்கிடுபவர் நான்காம் இலக்கணத்தில் தவறுகின்றார். அடையாற்றுப் பள்ளி தவறவில்லை.

5. கேடு நேராவண்ணம் கொடுத்தல்

இனி, நம் இளைஞர் எழுப்பிய கேள்விக்கு வருகின்றோம். இந்த இலக்கணத்தில் பள்ளியின் தொடக்கக் காலத்தை முழுதும் பொருந்தியது என்று நம்மால் எழுத முடியவில்லை. காரணம் மூன்று.

முதலாவது, பெயர். 'பஞ்சமர்' என்பது நால்வருணத்திற்கு வெளியே ஐந்தாவதாக நிறுத்தும் சொல். அக்காலத்து அரசும் பத்திரிகைகளும் வழங்கிய அச்சொல்லையே பள்ளியும் எடுத்துக்கொண்டது. கொடுத்தவர் இழிவு கருதவில்லை என்பது மெய்யே. ஆயினும் வாசலில் எழுதிய பெயர் பிள்ளையின் மனத்திலும் எழுதப்படும். அயோத்திதாசர் இச்சொல்லை ஏற்கவில்லை. நாம் பூர்வ பௌத்தர் என்று அவர் தம் 'தமிழன்' பத்திரிகையில் இடைவிடாது எழுதினார்.

இரண்டாவது, பாடத்தின் அளவு. கீழ் வகுப்புகளில் எழுத்தும், கணக்கும், பிழைப்புக்கு உதவும் சில தொழில்களும் என்ற அளவிலேயே அன்றைய கல்வி நின்றது. அதற்கு மேல் ஏற ஏணி இல்லை.

மூன்றாவது, அதே பிரம்மஞான சபையில் எழுந்த ஒரு கருத்து. ஆல்காட் 1907 பிப்ரவரி 17 அன்று காலமானார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற அன்னி பெசண்ட் அம்மையார், 1909-இல் எழுதிய கட்டுரையில், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளை உயர்சாதிப் பிள்ளைகளோடு இப்போது ஒரே பள்ளியில் சேர்ப்பது தகாது. முதலில் தூய்மையும் ஒழுக்கமும் கற்பிக்க வேண்டும் என்னும் பொருள்பட வாதாடினார். பாபாசாகேப் அம்பேத்கர் தம் நூலொன்றில் இக்கட்டுரையை எடுத்துக்காட்டியுள்ளார். தனிப் பள்ளி அமைத்துக் கொடுப்பது ஒன்று. பொதுப் பள்ளியின் கதவைச் சாத்தி வைப்பது வேறொன்று. முன்னது உதவி, பின்னது கேடு. இதனை மறைத்து நன்றி மடல் எழுதுவது பொய்யாகும். பொய் சொல்லாமை நாம் ஏற்ற நான்காம் சீலம்.

நிற்க. வரலாறு 1909-ஆம் ஆண்டோடு முடிந்துவிடவில்லை. அந்தப் பள்ளியின் வாசலில் இன்று பஞ்சமர் என்னும் சொல் இல்லை. ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி என்றே வழங்குகிறது. கீழ் வகுப்பில் நின்ற ஏணி மேல்நிலைக் கல்வி வரை ஏறிவிட்டது. பிற பள்ளிகள் காலப்போக்கில் சபையின் கையை விட்டு நீங்கிய பின்னும், அடையாற்றுப் பள்ளியை அவர்கள் கைவிடவில்லை. குறை இருந்தது; குறை திருத்தப்பட்டது; பணி நிற்கவில்லை. நூறாண்டு கடந்த எந்தத் தருமத்திற்கும் இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை என்பது நம் துணிபு.

பெற்றவர் கொடுப்பவராதல்

நாம் நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பதிலித் தொழிலாளியாக ரிங் பிரேமில் சேர்ந்தபொழுது நமக்குச் சுவரொட்டி படிக்கும் அளவே எழுத்துத் தெரியும். எங்கள் பகுதியில் மூத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். உணவு இடைவேளையில் அவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். சுற்றிலும் பத்துப் பேர் கேட்போம். சில நாள் கழித்துத் தாளை நம் கையில் கொடுத்து, "இன்றைக்கு நீ படி" என்றார். தடுமாறிப் படித்தோம், ஒருவரும் நகைக்கவில்லை. இன்று தம்மம் பேசும் நாவு அன்று பழகியது. அவர் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், உமக்கு என்ன கைம்மாறு செய்வோம் என்று கேட்டபொழுது, "எனக்கு வேண்டாம், படிக்கத் தெரியாதவன் ஒருவனைப் பார்த்துச் செய்" என்றார்.

கதவேதி என்பதன் முழுப் பொருள் நமக்கு அன்று விளங்கியது. கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தால் கடன் தீரும். மற்றொருவருக்குக் கொடுத்தால் தருமம் தொடரும்.

நம் முன்னோர் இவ்வாறே செய்தனர். ஆசிரியர் கிருஷ்ணசாமி பள்ளியில் பணி புரிந்ததோடு நில்லாமல், புதிய சங்கத்திற்கு முதல் துணைவராய் நின்றார். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கூலி வேலை செய்பவரும் வாங்க வேண்டும் என்றே அவ்வளவு குறைந்த விலை வைத்தார். எழுத்தறிந்தோர் இல்லாவிடில் அந்த இதழ் யாருக்கு? அங்கொரு பள்ளியும் இங்கொரு இரவு வகுப்புமாக எழுத்துப் பெற்றவர்களே அதனை வாங்கினர். அறியாதவர்க்குப் படித்துக் காட்டினர். 1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்த பின்னும், தங்கவயல் அன்பர்கள் அவ்விதழை மீண்டும் நடத்தி, அவர் நூல்களையும் அச்சிட்டனர். சுரங்கத்தில் உழைத்தவர்கள் அச்சகம் நடத்தினர் என்றால், அவர்கள் பெற்ற எழுத்தைப் பூட்டி வைக்கவில்லை என்பது விளங்கும்.

முடிவு

ஆகவே நம் கருத்தைச் சங்கத்தார் முன் பணிவோடு வைக்கின்றோம்.

முதலாவது, நன்றி மடல் அனுப்ப வேண்டும். அதில் நான்கு இலக்கணத்திலும் பள்ளி சிறந்து நின்றதை விரித்து எழுத வேண்டும். ஐந்தாவதில் தொடக்கத்தில் இருந்த குறையையும், அது திருத்தப்பட்டதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். உண்மையான நண்பர் அதனைக் கேட்டு வருந்தார். தம் வரலாற்றை நாம் நன்கு அறிந்திருக்கின்றோம் என்று மகிழ்வார்.

இரண்டாவது, மடலோடு நின்றுவிடுதல் ஆகாது. நம் சங்கக் கூடம் வாரத்தில் ஐந்து மாலை பூட்டிக் கிடக்கிறது. அம்மாலைகளில் நம் தெருப் பிள்ளைகளுக்கும், எழுத்தறியாத தாய்மார்களுக்கும் வகுப்பு நடத்தலாம். எச்சமயத்தார் பிள்ளையாயினும் வரலாம். வந்தவரைத் தீட்சைக்கு அழைத்தல் கூடாது. படம் பிடித்தல் கூடாது. சாதிப் பெயரோ 'ஏழை' என்னும் சொல்லோ பலகையில் எழுதுதல் கூடாது. வாரத்தில் ஒரு மாலை கற்பிக்க நாம் பெயர் கொடுக்கின்றோம். எஞ்சியிருப்பவை நான்கு மாலைகள்.

கேள்வி எழுப்பிய இளைஞர் ஒரு மாலையை ஏற்றுக்கொள்வார் என்று நம்புகின்றோம். அந்தத் தாயார் முதல் மாணவியாக வந்து அமர்வாராயின், நம் முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை அதுவே ஆகும்.

அடுத்த ஞாயிறு ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. நன்றி அறிபவர், நன்றி அறிந்து நடப்பவர் – இவ்விருவருக்கும் வேற்றுமை யாது? உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. சென்ற ஓராண்டில் நீங்கள் கொடுத்த தானம் ஒன்றை ஐந்து இலக்கணத்தோடும் பொருத்திப் பார்க்க. எந்த இலக்கணத்தில் குறை நேர்ந்தது?

3. உதவி செய்பவர் நம்மை இழிவான பெயரால் அழைத்தால் உதவியை ஏற்கலாமா? ஏற்றால் எவ்வாறு ஏற்பது? மறுத்தால் எவ்வாறு மறுப்பது?

4. சங்கக் கூடத்து வகுப்பில் வாரம் ஒரு மாலை கற்பிக்க உங்களால் இயலுமா? இயலுமாயின் எந்த மாலை?

நான்காம் வினாவிற்கு மட்டும் விடையைத் தாளில் எழுதிக் காரியதரிசியிடம் கொடுக்க வேண்டுகின்றோம்.

கொடுத்தவர் நலமுறுக, பெற்றவர் நலமுறுக, இனிப் பெறப் போகும் குழந்தைகள் யாவரும் நலமுறுக.